கதவுக்கு வெளியே

அம்மாவின் கால் மறுபடியும் ஆடிவிட்டது. படம் மறுபடியும் கலங்கிப்போனது.

படிக்கட்டில் வழுக்கி இடுப்பில் அடி. நடுக்கமோ ஒட்டிக்கொண்ட சொந்தக்காரன் மாதிரி, எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது.

எக்ஸ்ரே எடுப்பவர் பொறுமைசாலி. ஆனாலும் திரும்பத் திரும்ப எடுத்தால் கதிர்தான் வீணாக உடம்பில் ஏறும், யாராவது உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் எழுந்து போனேன். வேறு யார் போவது?

சின்ன வயதில் எனக்கு இடுப்பு மூட்டு சரியில்லை. அடிக்கடி படம் எடுப்பார்கள். நான் ஒரு நிமிடம் சும்மா கிடக்க மாட்டேன். அம்மாதான் என் முழங்கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறார்கள், சிரி என்பாள்.

நானும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேன். இடுப்பெலும்புப் படத்துக்கு அத்தனை தடவை சிரித்த பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சில்லென்ற மேசை, அம்மாவின் தோளில் தொங்கும் கனத்த ஈயக் கவசம், அவள் கைச்சூடு. இப்போதும் நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், ஓரத்தில் அம்மாவின் விரலெலும்பு தெரியும். அதில், சோப்புப் போட்டாலும் கழலாத அவள் மோதிரம்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் அத்தையின் வளையல்.

அன்று அம்மா உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். தொண்டை கிழியக் கத்தினேன். சில வாரங்களிலேயே அடுத்த படம். பழையபடி அம்மாவே வந்து பிடித்தாள்.

அந்த ஒரு நாளைச் சொல்லி இன்றுவரை அவளை வம்புக்கு இழுப்பேன். அவளோ பேச்சை மாற்றிவிடுவாள்.

ஈயக் கவசத்தை என்னிடம் நீட்டியவர், எல்லாப் பெண்களிடமும் கேட்பதைக் கேட்டார். கர்ப்பமாக இருக்கிறீர்களா? இருக்க வாய்ப்பு உண்டா?

நீட்டிய கவசத்தை நான் வாங்கவில்லை. வருடக்கணக்காக ஏங்கிக் கிடைத்தது. நாள் தள்ளிப்போனது என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். முதலில் நிலைக்கட்டும் என்று அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

அம்மா மேசையில் கிடந்தபடியே என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ வெளிய நில்லும்மா. நான் ஆடாம இருக்கேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். சிரிம்மா என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்று அம்மா ஏன் வெளியே நின்றாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

அடுத்த முறை அவள் உள்ளே வந்துவிட்டாளே. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிரி என்றாளே. நானும் சிரித்தேனே.

எனக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை.