உடைஞ்சு வந்த கடிதம்

"எழுத்து இன்னும் உடைஞ்சுதான் வருதுங்கம்மா. அடுத்த மாசம் வாங்க."

தேவசிகாமணி சார் தலையைக்கூட நிமிர்த்தாம சொன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எதிரே நின்னது வேலம்மாள். நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்ல வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. லீவு போட்டு, மழையில பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வர்றது இது ஏழாவது மாசம்.

வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைங்களுக்கும் இங்க இருக்கிற பெத்தவங்களுக்கும் கடிதம் சேர்க்கிறதுதான் எங்க ஆபீஸ் வேலை. பிள்ளைங்க எழுதுற பதிலைப் பிரான்ஸ்ல இருக்கிற சங்கத்துக்காரங்க தமிழ்ல மாத்தி, எக்ஸ்எம்எல்ங்கிற கம்ப்யூட்டர் ஃபைலா அனுப்புவாங்க. எங்க கம்ப்யூட்டர் அதைக் கடிதமாக் காட்டும்.

வேலம்மாளோட மகள் எழுதினது மட்டும் தமிழா வரல. பக்கம் பூரா தலையில சாய்கோடு போட்ட இங்கிலீஷ் 'ஏ', வட்டத்துக்குள்ள ஒரு 'ஆர்', மறுபடி அதே 'ஏ'.

அந்தக் குப்பையையும் முதல் மாசமே ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. சுருக்குப் பையில மடிச்சு வெச்சு, மடிப்பெல்லாம் நைஞ்சு கிடந்துச்சு.

"ஏனுங்க சார், புள்ள நல்லாத்தானுங்களே இருக்குது?"

"நல்லா இருக்காங்க. பதில் போட்டிருக்காங்கல்ல?"

"ஒன்றரை வயசுல குடுத்ததுங்க. எம்மேல கோவமா இருந்தாலும் சரிங்க. ஒரு நாளு பார்க்க வருவாளான்னு மட்டும் தெரிஞ்சா நொம்பப் புண்ணியமாப் போகும்."

சார் அடுத்த ஃபைலைப் பிரிச்சார். பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு அந்தம்மா வெளிய பெஞ்சுல போய் உட்கார்ந்தாங்க.

"ஏழு மாசமா ஒரு ஃபைலைச் சரி பண்ண முடியலையா சார்? உங்க ஊட்டுப் பொண்ணா இருந்தா இப்படி விடுவீங்களா?" கேட்டே விட்டேன்.

"டீ குடிச்சிட்டு வரேன், சிவரஞ்சனி"னு எந்திரிச்சுப் போனார். சொரணைன்னு ஒண்ணு வேணாமா மனுஷனுக்கு!

நான் சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது. ஆனது ஆகட்டும்னு அவர் சீட்டுல உட்கார்ந்து ஃபைலைத் திறந்தேன்.

ஒரு நிமிஷ வேலை. எந்த முறையில எழுத்தைப் படிக்கணும்னு ஃபைலோட முதல் வரி சொல்லும். மத்த எல்லாக் கடிதத்துலயும் தமிழைச் சரியாக் காட்டுற யூடிஎஃப்-8னு இருக்கு. இதுல மட்டும் ஏதோ ஐரோப்பிய எழுத்து முறை. அதை மாத்தி வெச்சது யாருன்னு பார்த்தா, தேவசிகாமணி சாரேதான். அதுவும் கடிதம் வந்த அன்னிக்கே. கெடுத்ததும் இவர், இழுத்தடிக்கிறதும் இவரா?

முதல் வரியைத் திருத்தினேன். தமிழ் பளிச்சுனு வந்துச்சு.

"அம்மா! ஓடி வாங்க! சரியாயிடுச்சு!"

கூப்பிட்டுட்டு, அப்புறம்தான் படிச்சேன்.

'எனக்கு ஒரு அம்மா இருக்கிறார். இன்னொருவர் தேவையில்லை. நான் ஒருநாளும் அங்கே வரமாட்டேன். இனி என்னைத் தேட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். எலென்.'



வாசல்ல தேவசிகாமணி சார் டீ கிளாஸோட நின்னுட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சிருச்சு.

"பதிலே வரலேன்னு சொன்னா, புள்ள உசுரோட இருக்குதான்னு தெரியாம அந்தம்மா துடிச்சுப் போயிரும்மா"ன்னார், கிட்ட வந்து, என் காதுக்கு மட்டும் கேக்கிற மாதிரி.

அவரைத் தாண்டிக்கிட்டு வேலம்மாள் ஓடி வந்தாங்க. முந்தானை நனைஞ்சு சொட்டிட்டிருந்துச்சு.

"படி சாமி, படி! வருவாளாமா?"

நான் குனிஞ்சு அந்த முதல் வரியைப் பழையபடி மாத்தினேன். சாய்கோடு போட்ட 'ஏ' எல்லாம் திரும்பி வந்துச்சு.

"இல்லீங்கம்மா... அவசரப்பட்டுக் கூப்பிட்டுட்டேன். மறுபடியும் உடைஞ்சு போச்சு."

அந்தம்மா ஸ்கிரீனையே பார்த்துட்டு நின்னாங்க. அப்புறம் என் தலையைத் தடவிக் குடுத்தாங்க.

"அதுக்கு ஏன் கண்ணு அழுவுற? அடுத்த மாசம் வாறேன், பார்த்துக்கலாம். இந்தப் பேப்பரு கிழிஞ்சு போச்சு, புதுசா ஒண்ணு மட்டும் எடுத்துக் குடு."

ஒரு எழுத்துகூடத் தமிழா வந்துடக் கூடாதுன்னு ரெண்டு தடவை சரிபார்த்து, நான்தான் எடுத்துக் குடுத்தேன்.