கோடு போடட்டுமா?

நோயாளியின் சம்மதம் கேட்காமல், படமெடுக்கும் இடத்தைக் குறிக்க உடம்பின் மேல் ஒரு கோடுகூடப் போடக்கூடாது என்று ஸ்கேன் இயந்திரங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. எங்கெங்கே படமெடுப்பது என்று இயந்திரமே தீர்மானிக்கும், உள்ளே படுத்திருப்பவரிடம் அதுவே கேட்டுக்கொள்ளும். ஸ்கேன் டெக்னீஷியன் இசக்கிராஜ் வெளியறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அன்று உள்ளே படுத்திருந்த செண்பகவல்லிக்கு மூன்று மாதமாக, உட்கார்ந்தால் தலை பிளந்தது; படுத்தால் சரியானது. கழுத்துக்குள் தண்டுவட நீர் எங்கோ கசிந்தது. இடம் தெரிந்தால்தான் அடைக்க முடியும்.

“இங்கே கோடு போடட்டுமா, அம்மா?” என்று இயந்திரம் குழைந்தது. அவள் தலையாட்டினாள். கோடு ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் போயிற்று.

“தலைய ஆட்டாதீங்கம்மா, வாயால சொல்லுங்க” என்றான் இசக்கிராஜ் மைக்கில்.

“சரி தம்பி” என்று அதற்கும் தலையாட்டினாள்.

பதினோரு படம் பாழானது. வெளியே இருந்த கணவர் உலகநாதன் சொன்னார்: “ஊர்ல யார் கேட்டாலும் ஆட்டுவா. நான் கேட்டா மட்டும் நாப்பது வருசமா அந்தக் கழுத்து அசைஞ்சதில்ல.”

இசக்கிராஜ் அவர் குரலைப் பதிந்து இயந்திரத்துக்குக் கொடுத்தான். அது அந்தக் குரலிலேயே கேட்டது:

“செம்பகம், கோடு போடட்டுமா?”

“போட்டுத் தொலைங்க.”

கழுத்து கல்தூணாக நின்றது. ஒன்பதாவது படத்தில், கழுத்தின் கடைசி எலும்புக்கடியில் கடுகளவு கசிவு தெரிந்தது.

வெளியே வந்தவளிடம் உலகநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இடம் தெரிஞ்சுட்டு. நாளைக்கே அடைச்சிரலாமாம். சரிதானளா?”

செண்பகவல்லி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நல்லவேளை, படமெல்லாம் எடுத்து முடித்திருந்தார்கள்.