ஆறு மணி ஒத்திகை

"நாளையிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன விட்டுடுங்க சார்" என்று பூங்காவனம் கேட்டதும், வேங்கிக்கால் கொட்டகையில் நாடக ஒத்திகை நின்றுபோனது.

இளந்தளிர் நாடகக் குழுவின் இயக்குநர் புகழேந்தி கண்ணாடியைக் கழற்றினார். இளம் திறமைகளை வளர்ப்பதற்கென்றே பிறந்தவர் என்று நோட்டீசில் தன்னைப் பற்றி அவரே அச்சடித்திருந்தார்.

"அடி அண்ணாமலை கிராமத்துல வேர்க்கடலை உரிச்சிக்கிட்டிருந்த பொண்ணு நீ. உன்ன கதாநாயகி ஆக்குனது யாரு?"

"நீங்கதாங்க சார்."

"ஞாயித்துக்கெழம கலெக்டர் பாக்க வர்றாரு. இந்த நேரத்துல வேற எந்தக் குழுக்காரன் உன்ன இழுக்கறான்?"

"யாரும் இல்லீங்க. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல வகுப்பு வெக்கிறாங்க. டெய்லி ஒரு மணி நேரந்தாங்க."

"டான்ஸ் வகுப்பா? ஒத்திகைக்கு வரலேன்னா வேஷம் போயிடும், தெரியுமில்ல?"

"டான்ஸ் இல்லீங்க சார். கைநாட்டு வெக்கிறவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லித் தராங்க. நம்ம நாடகத்துல கடைசில, எல்லாரும் படிக்க வாங்கன்னு நான் அழுதுகிட்டே கூப்புடுறேனே, அதே வகுப்புதாங்க."

கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

புகழேந்தி குரலைத் தணித்தார். "இதோ பாரும்மா. நீ அழுவும்போது அதுல ஒரு உண்மை இருக்கு. எழுத்து வந்துட்டா அது போயிடும். கலை கெட்டுடும்மா."

பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள்.

ஆர்மோனியக்காரர் காசி, வழக்கம்போல் அவளுடைய வசனத்தை உரக்க வாசித்தார்: "படித்த பெண்ணை யாராலும் ஏமாற்ற முடியாது!"

அவள் அதைக் காதால் வாங்கி, ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.