நாலு விரல் தள்ளி

விரித்த கறுப்புத் துணியில் நாத்தனார் கண்ணை மூடி, கையையும் காலையும் பரப்பி, அசையாமல் கிடந்தாள். அவள் உடலைச் சுற்றி அண்ணி சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாள்!

"யாரும் அசையக் கூடாது!" என்று குரல் கொடுத்தார் ஓவிய டீச்சர். தெருக்காரர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில் ஜோடி ஜோடியாக ஒருவரை ஒருவர் வரைந்துகொண்டிருந்தார்கள். "சேர்ந்து வரைஞ்சா மனசு லேசாகும். எல்லாத் துணியையும் வெளிச்சுவர்ல மாட்டப் போறோம்."

சீட்டுக் குலுக்கியதில் அண்ணிக்கு வந்து வாய்த்த ஜோடி, பேச்சுவார்த்தையே அற்றுப்போன இந்த நாத்தனார்.

மறக்குமா அந்தக் கல்யாணம்? "வீடியோக்காரரே, இன்னும் பின்னாடி போங்க. எங்க அண்ணி கேமராவுக்குள்ள அடங்க மாட்டாங்க!" என்று நிறைந்த சபையில் கத்தியவள் இவள்தான். மண்டபமே சிரித்தது. கட்டின புருஷனும் சேர்ந்து சிரித்தான், பாவி! அன்றைக்குப் பற்றிய ஆத்திரம் இன்னும் அணையவில்லை.

'மாட்டினியா? ஊரே பாக்கட்டும் உன் லட்சணத்தை!' என்று கறுவியபடி, இடுப்பருகே கோட்டை நாலு விரல் தள்ளிப் போட்டாள். கன்னத்தைப் பூசணிக்காயாக உப்ப வைத்தாள்.

கையை இழுத்து நீட்டியபோது நாத்தனாரின் வளையல்கள் சரசரவென்று முழங்கை வரை ஓடின. மினுக்கிக்கொள்ளப் பட்டினி கிடந்திருக்கிறாள், வேறென்ன! தோளையும் தாராளமாக அகட்டினாள்.

"எந்திரி, முடிஞ்சிடுச்சு."

அவள் எழுந்ததும், அண்ணி துணியை உயரத் தூக்கிப் பிடித்தாள். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணியின் காதில் தேன் பாய்ந்தது.

"நல்லாப் பாத்துக்கோ. இதுதான் நீ."

முகம் கறுக்கும், சண்டைக்கு வருவாள் என்று அண்ணி வரிந்துகட்டி நின்றாள். நாத்தனாரோ கிட்டே வந்து, அந்தக் கோட்டை மெல்லத் தடவிக்கொண்டே போனாள். கன்னத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லி வைக்கப் போறியா? சொல்லிக்கோ!" என்றாள் அண்ணி வீறாப்பாக.

"அண்ணனுக்கே இன்னும் தெரியாது... நோய் என்னை உருக்கறதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு, நீங்க ஒருத்தர்தான் அண்ணி ஞாபகம் வெச்சிருக்கீங்க."