சி-யா, பைத்தானா?

பாப்பிரெட்டிப்பட்டியின் அந்தக் கணினி மையத்தில் எங்கும் எழுதி ஒட்டப்படாத விதி ஒன்று உண்டு. சேர்க்க வந்தவர் பேசுவார். சேர வந்தவர் தலைகுனிந்து அமர்ந்திருப்பார்.

அன்று அந்த விதி தலைகீழாகிவிட்டதாகவே பயிற்சியாளர் நவநீதனுக்குத் தோன்றியது. லூர்து மேரி வாய் திறக்கவில்லை. அவளுடைய மகள் மோனிஷாதான் நாற்காலியின் நுனியில் அமர்ந்து படபடத்துக்கொண்டிருந்தாள்.

“பைத்தானே போதும் சார். நாலு வரி புரோகிராம் எழுதுனா ஏதோ ஒண்ணு ஓடும், ஒரு தைரியம் வரும். சி-ல ஆரம்பிச்சா, ஒரு செமிகோலன் விட்டுப்போனாக்கூடப் பக்கம் பூரா தப்புன்னு காட்டும். மொத வாரத்தோட படிப்பு நின்னுரும்.”

“அஸ்திவாரம் இல்லாம வூடு கட்டுவியா பாப்பா? இங்க எல்லாருக்கும் மொதல்ல சி-தான்.”

“வூடு அப்புறம் கட்டிக்கலாம் சார். இப்போதைக்கு நிழலுக்கு ஒரு பந்தல் போடுங்க.”

நவநீதன் சிரித்துவிட்டார். “நல்ல வாயாடியப் பெத்திருக்கீங்க” என்றார் மேரியிடம். அவள் சிரிக்கவில்லை, அவளுடைய பார்வை அவரைத் தாண்டிக் கணினித் திரைக்குப் போவதும் பதறித் திரும்புவதுமாக இருந்தது.

“பத்தாவதுல கணக்கு எவ்வளவு?”

“எண்பத்தொன்பது சார். அப்படியிருந்தும் பதினொண்ணாவதுல வூட்ல நிறுத்திட்டாங்க.” மோனிஷாவின் குரல் தாழ்ந்தது. “இப்பதான் மறுபடியும் விட்டிருக்காங்க. இதுவும் பாதியில நின்னா, ‘நான் அப்பவே சொல்லல?’ம்பாரு அப்பா. அப்புறம் வாசப்படி தாண்ட முடியாது.”

வெளியே பேருந்து ஒன்று ஒலியெழுப்பியது. மோனிஷா எழுந்தாள், மீண்டும் அமர்ந்தாள். தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போன அப்பா திரும்புவதற்குள் வீடு சேர வேண்டும்.

நவநீதன் இனி விவாதிக்க விரும்பவில்லை. சேர்க்கைப் படிவத்தைத் திரையில் திறந்து, விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தவன்ம்மா. சி-ன்னே போட்டுடறேன். பேரு மோனிஷா, அப்படித்தானே?”

லூர்து மேரியின் கை நீண்டு வந்து விசைப்பலகையின் மேல் விழுந்தது. திரையில் எழுத்துகள் தாறுமாறாக ஓடின. அவள் கையை எடுக்கவில்லை, தலையை நிமிர்த்தினாள்.

“படிக்கப் போறவ நானுங்க சார். பைத்தான்னு போடுங்க.”