நாற்காலியில் மஃரிபு

நாற்காலியைக் கணவரே தூக்கிவந்து போட்டார். ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தத்தியது. அட்டையை மடித்து அடியில் செருகினார்.

அவள் உட்கார்ந்தாள்.

கட்டுப் பிரித்த வலது கால் அவளுடையது போலவே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, பலகை போல நீட்டிக்கொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். "வலி போயிரும்மா. ஆனா திருகாணி போட்டு எலும்ப ஒண்ணாச் சேத்துட்டா கணுக்கால் அப்புறம் மடங்காது. தரையில உக்காந்து எந்திரிக்கறது சிரமம். சேர்லயே தொழுதுக்குங்க."

வலி போனது உண்மைதான்.

சில வருஷங்களுக்கு முன் நடந்த விபத்தில், ஸ்கூட்டரின் பின்னால் இருந்த அவளுக்குக் கணுக்கால் நொறுங்கியது. ஓட்டிய மகன் ஹபீப் அங்கேயே மௌத்தானான்.

ஜனாஸாவைத் தூக்கும்போது கணவர் செய்யது மீரான் அவள் பக்கத்தில் குனிந்தார்.

"அழாதெ ஜைனம்பு. நாம அழுதா புள்ளைக்கி அங்க வேதன."

அவரும் அழவில்லை.

அதற்குப் பிறகு, கால் வலியோடு தரையில் தொழுத வருஷங்களில், அவள் சஜ்தாவில் மட்டும்தான் அழுதாள். நெற்றியைத் தரையில் வைத்துவிட்டால் முகத்தை யார் பார்ப்பது? நனைந்த பாயை மறுநாள் அவளே வெயிலில் போட்டுவிடுவாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டு இருந்த மாதங்களில் உள்ளறைக் கட்டிலில் தனியாகத் தொழுதாள். கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது.

இனி நாற்காலி. தொழுது முடித்து சலாம் கொடுத்துவிட்டு அவர் திரும்பினால் அவள் முகம் நேராகத் தெரியும்.

அழக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பாங்கு ஓய்ந்தது. மகன் போனதிலிருந்து, கட்டு இருந்த மாதங்கள் தவிர, அந்தித் தொழுகையான மஃரிபை மட்டும் அவர் பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டில் அவளோடு தொழுகிறார். அவளுக்கு முன்னால் போய் நின்றார். தக்பீர் சொல்லிக் கை கட்டினார்.

ஓதினார். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு சஜ்தாவுக்காகத் தரையில் இறங்கினார்.

அவளால் இறங்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே முதுகை வளைத்தாள்.

இத்தனை வருஷமும் அவர் நெற்றி தரையில் இருந்தபோதெல்லாம் அவள் நெற்றியும் தரையில்தான் இருந்தது. அந்த நிலையில் அவரை அவள் பார்த்ததே இல்லை.

சட்டைக்குள் அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை.

அவர் எழ வெகுநேரமாயிற்று.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.