ஒரே டம்ளர்

காசநோய் வார்டுக்குள் வீட்டாரை விடமாட்டார்கள். அதனால் கிரேஸ் தினமும் கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கணவனுக்கான சோற்றுப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவாள். அந்தக் கையசைப்புக்காகத்தான் எபினேசர் அத்தனை மாத்திரைகளையும் விழுங்கிக்கொண்டிருந்தான்.

இன்று பை வரவில்லை. பொழுது சாயும்வரை ஜன்னலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போன் போட்டான்.

“இன்னா கிரேஸ், சோறு எடுத்துக்கினு வரல?”

“நீதான் காலையிலயே ஊட்டுக்கு வந்துட்டியே.”

“நான் இங்க பெட்டுலதான கீறேன்!”

போனில் கிரேஸுக்குப் பின்னால் மகள் ஸ்நேகா சிரித்தாள். கூடவே ஓர் ஆணும் சிரித்தான். இரும்பாலை இரைச்சலில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன எபினேசரின் சிரிப்பேதான்.

“யாரு அது?”

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கிரேஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீதான். உனக்குன்னு எடுத்து வச்ச தனி டம்ளரத் தூக்கிப் போட்டுட்டேன். பாப்பாவும் நீயும் ஒரே டம்ளர்ல டீ குடிக்கிறீங்க. வந்ததுலேர்ந்து நீ ஒருவாட்டிகூட இருமல. உன் கால்ல உழறேன், நீ அங்கயே இருந்துடு.”

எபினேசருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. அவள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான்.